பெட்டியில் வரும் விமானம்: வீட்டில் கிட் பிளேன் கட்டுவது எப்படி நடக்கிறது?

வீட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள் என்று நம் பக்கத்தில் யாரிடமாவது சொன்னால் இரண்டு விதமான பதில் வரும். ஒன்று சிரிப்பு. இன்னொன்று, "பைக் இன்ஜினை வெச்சு ஒரு பையன் பண்ணினானே, பேப்பர்ல வந்துச்சே" என்பது. கிட் விமானம் இந்த இரண்டிலும் அடங்காது. நிறுவனம் ஒன்று வடிவமைத்து, பறக்கவிட்டுச் சோதித்து, பாகங்களை வெட்டித் துளையும் போட்டுப் பெட்டியில் அனுப்புகிறது. வாங்கியவர் தன் ஷெட்டில் வைத்து இணைக்கிறார். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் இருக்கும் வான்ஸ் ஏர்கிராஃப்ட் என்ற ஒரே நிறுவனத்தின் கிட்டுகளில் இருந்து கட்டிப் பறந்தவை மட்டும் 11,000 விமானங்களைத் தாண்டிவிட்டன. அங்கே இப்படிக் கட்டுபவர்களுக்கு 1953-ல் தொடங்கிய சங்கமே இருக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷ் ஊரில் ஆண்டுதோறும் ஜூலையில் அவர்கள் கூடுகிறார்கள்.

இந்தக் கட்டுரையை ஓசூர் சிப்காட்டில் ஷிஃப்ட் பார்க்கும் ஃபிட்டரையும், தர்மபுரியில் ஐ.டி.ஐ. படிக்கும் பிள்ளையையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். என் கணிப்பில், இந்த வேலைக்கு வேண்டிய கை நம் இரண்டு மாவட்டங்களிலும் நிறையவே இருக்கிறது. தடை வேறு இடங்களில் இருக்கிறது. எங்கே என்று போகப்போகத் தெரியும்.

பாதிக்கு மேல் உங்கள் கை

முதலில் ஒரு சட்ட விஷயம், ஏனென்றால் கிட் என்ற ஏற்பாடே இதன் மேல்தான் நிற்கிறது. தொழிற்சாலையில் செய்த விமானத்துக்கு அந்தத் தொழிற்சாலை பொறுப்பு. வடிவமைப்புக்குச் சான்றிதழ், உற்பத்திக்குச் சான்றிதழ், ஒவ்வொரு போல்ட்டுக்கும் பூர்வீகம் என்று எல்லாம் கேட்பார்கள். வீட்டில் கட்டுபவரிடம் அத்தனையும் கேட்டால் யாரும் கட்ட முடியாது. அதனால் அமெரிக்க விமானத் துறை ஒரு தனி வழி வைத்திருக்கிறது: கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் தானே பெரும்பகுதியைச் செய்தால், அதைச் 'சோதனை' வகையில் பதிவு செய்துகொள்ளலாம். கட்டுபவர்கள் இதை 51 சதவீத விதி என்பார்கள். பாதிக்கு மேல் உங்கள் கை பட்டிருக்க வேண்டும். விமானத்தில் ஆணியடித்து வைக்கும் பெயர்ப்பலகையில் தயாரிப்பாளர் என்ற இடத்தில் கட்டியவரின் பெயர்தான் வரும்.

கிட் நிறுவனங்கள் இந்த விதிக்குள் நின்றுகொண்டு எவ்வளவு வேலையைத் தாங்களே செய்துதர முடியுமோ அவ்வளவையும் செய்கின்றன. 'குவிக் பில்ட்' என்று கூடுதல் விலைக்கு இறக்கையும் உடல்பகுதியும் பாதி இணைத்தே வரும். இதற்கு நேர் எதிர் முனையில், வெறும் வரைபடம் மட்டும் வாங்கிப் பலகையும் தகடும் தானே வெட்டிக் கட்டுபவர்களும் உண்டு. கிட் நடுவில் நிற்கிறது. இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்றைச் சாதாரணக் கிட்டில் கட்ட 1,500 முதல் 2,000 மணி நேரம் ஆகலாம். வேலைக்குப் போய்வந்து ராத்திரியும் ஞாயிறும் மட்டும் உட்கார்ந்தால் பல வருஷம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வான்ஸின் ஆர்வி-12 போல எளிமையாக்கிய வகைகள் இதில் பாதி நேரத்தில் முடியும்.

எதால் கட்டுகிறார்கள்

நான்கு வழிகள் உண்டு. மரமும் துணியும் பழைய வழி. குரோமோலி என்கிற உருக்குக் குழாய்களை வெல்டு வைத்து, மேலே பாலியஸ்டர் துணி போர்த்தி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டித் துணியை விறைப்பாக்குவது இரண்டாவது. ஃபோமும் கண்ணாடி நாரும் எபாக்ஸியும் சேர்த்து வார்ப்பது மூன்றாவது. 1970களில் பர்ட் ருட்டான் வேரி-ஈஸி என்ற வடிவத்தால் இதைப் பிரபலமாக்கினார். அவர் வடிவமைத்த வாயேஜர் 1986-ல் எங்கும் இறங்காமல், நடுவானில் எரிபொருளும் நிரப்பாமல் உலகைச் சுற்றி வந்தது. நான்காவது அலுமினியத் தகடும் ரிவெட்டும். இன்று அதிகம் பேர் கட்டுவது இதைத்தான். நம் ஊர்த் தகட்டுப் பட்டறை ஆட்களுக்கு நெருக்கமானதும் இதுதான் என்பதால் இதையே விரிவாகப் பார்க்கலாம்.

ஓசூரிலிருந்து 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருவிலேயே ஒரு கிட் பிறந்திருக்கிறது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ராஜ் ஹம்சா அல்ட்ராலைட்ஸ் என்ற நிறுவனம் அலுமினியக் குழாய்களை போல்ட் போட்டு இணைத்து, டாக்ரான் துணி உறை மாட்டும் எக்ஸ்-ஏர் என்ற எளிய கிட்டைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. ஓசூரை ஒட்டிய பேளகொண்டப்பள்ளியிலோ, தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் 1990களில் இத்தாலிய வடிவமைப்பான பார்ட்டனேவியா பி68 என்ற இரட்டை இன்ஜின் விமானத்தைக் கட்டியது. அங்கே சொந்த ஓடுதளமும் இருக்கிறது. ஓசூர்க்காரர்களில் பாதிப் பேருக்கு இது தெரியாது.

பெட்டி வந்ததும்

முழு விமானமும் ஒரே பெட்டியில் வராது. பகுதி பகுதியாகத்தான் விற்பார்கள். முதலில் வால்பகுதி, பிறகு இறக்கை, பிறகு உடல், கடைசியில் கண்ணாடி மூடி, சக்கரம், இன்ஜின் மூடி அடங்கிய முடிப்புக் கிட். இன்ஜின், புரொப்பெல்லர், மீட்டர் கருவிகள் எல்லாம் தனிச் செலவு. கிட் விலையைப் பார்த்துவிட்டு விமானத்தின் விலை இவ்வளவுதான் என்று நினைப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பல விமானங்களில் இன்ஜின் மட்டுமே தகடு, ரிவெட் எல்லாவற்றின் விலைக்கும் பக்கத்தில் வந்து நிற்கும்.

வாலை முதலில் தருவதற்குக் காரணம் உண்டு. அது சிறியது, விலை குறைவு, கெடுத்தாலும் ஒரு பாகத்தை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். அதே சமயம் இறக்கையில் வரப்போகும் எல்லா வேலையும் அதில் சின்ன அளவில் இருக்கிறது. படுக்கை வால், அதன் பின்னால் மேலும் கீழும் அசையும் எலிவேட்டர், நிமிர்ந்த வால், அதன் பின்னால் இடமும் வலமும் திரும்பும் ரட்டர் என நான்கையும் செய்து முடித்தால் ஒருவருக்குத் தன் பொறுமை எவ்வளவு என்று தெரிந்துவிடும். வாலோடு நின்றுபோனவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இறக்கையும் வாங்கிவிட்டு நிற்பதை விட அது மேல்.

பெட்டியைத் திறந்தவுடன் செய்யும் முதல் வேலை எண்ணுவது. பேக்கிங் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு தகட்டையும், ஒவ்வொரு ரிவெட் பையையும் சரிபார்க்க வேண்டும். குறைந்தால் உடனே எழுதினால்தான் நிறுவனம் ஏற்கும். இங்கிருந்து சொல்லியனுப்பி, அது கப்பலிலோ விமானத்திலோ வந்து, சென்னையில் சுங்கம் தாண்டி தர்மபுரி சேர்வதற்குள் ஒரு சின்ன பிராக்கெட்டுக்காக மாதக்கணக்கில் வேலை நிற்கலாம்.

இறக்கையின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். நுனியில் இருந்து உடல்வரை நீளமாக ஓடுவது ஸ்பார். நம் ஓட்டு வீட்டு உத்தரத்தின் இடத்தில் அது நிற்கிறது, சுமையெல்லாம் அதில்தான். அதற்குக் குறுக்கே வரிசையாக நிற்கும் ரிப்கள் இறக்கைக்கு வளைவைக் கொடுக்கும். மேலே போர்த்தும் தகடு வெறும் மூடி இல்லை, அதுவும் சுமை தாங்கும். சுமார் 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான் இருக்கும், ஆனால் ரிப்போடும் ஸ்பாரோடும் ரிவெட் அடித்துப் பெட்டியானதும் முறுக்க முடியாது. அப்படியானால் அந்தத் தகட்டைப் பிடித்து வைத்திருக்கும் ரிவெட்தான் விஷயம். ஒரு விமானத்தில் பத்தாயிரத்துக்கு மேல் வரும்.

ஏன் ரிவெட்?

இதைப் பற்றிப் பேசினால் ஓசூர்ப் பக்கத்து ஃபிட்டர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வெல்டு வெச்சுட்டா ஆகாதாங்க, சார்?" நியாயமான கேள்வி. விமானத் தகடாகப் பெரும்பாலும் வருவது 2024-டி3 என்ற அலுமினியக் கலவை. செம்பு கலந்து, சூடுபடுத்திக் குளிரவைத்து, அந்தப் பக்குவத்தால் வலு ஏற்றியது. வெல்டிங் சூடு பட்டால் அந்தப் பக்குவம் அந்த இடத்தில் போய்விடும், விரிசலும் விழும். நட்டு போல்ட் போடலாம்தான். ஆனால் பத்தாயிரம் போல்ட்டின் எடையைத் தூக்கிக்கொண்டு பறக்க வேண்டும். தவிர, போல்ட் துளைக்குள் துளியளவு ஆட்டம் இருக்கும். ரிவெட்டை அடிக்கும்போது அதன் தண்டு பருத்துத் துளையை நிறைத்துவிடுகிறது.

ரிவெட் பையில் 'ஏஎன்470ஏடி4-4' என்று எழுதியிருக்கும். முதல் தடவை பார்ப்பவர் மிரள வேண்டாம். ஏஎன் என்பது அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் சேர்ந்து வகுத்த தர அளவு. 470 என்றால் தலை உருண்டையாக மேலே தெரியும் வகை. 426 என்றால் தகட்டோடு சமமாகப் படிந்துவிடும் வகை. ஏடி என்பது கலவை. இந்த வகை ரிவெட்டின் தலையில் சிறு குழி இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். முதல் 4 குறுக்களவு, 32-ல் 4 பாகம் அங்குலம், அதாவது சுமார் 3.2 மி.மீ. கடைசி 4 நீளம், 16-ல் 4 பாகம் அங்குலம், அதாவது சுமார் 6.4 மி.மீ.

எந்த நீளம் எங்கே என்பதற்குக் கணக்கு எளிது. தகடுகளின் மொத்தத் தடிமனோடு, ரிவெட் குறுக்களவின் ஒன்றரை மடங்கைக் கூட்ட வேண்டும். 0.8 மி.மீ. தகடு இரண்டு என்றால் 1.6. 3.2-ன் ஒன்றரை மடங்கு 4.8. இரண்டும் சேர்ந்து 6.4. ஆகவே மேலே சொன்ன அதே ரிவெட். அடித்து முடித்த பின் மறுபக்கம் உருவாகும் தலை, குறுக்களவில் ஒன்றரை மடங்கு அகலமும் அரை மடங்கு உயரமும் இருக்க வேண்டும்: 4.8 மி.மீ. அகலம், 1.6 மி.மீ. உயரம். இதை அளக்கச் சின்ன கேஜ் கிடைக்கிறது, வெர்னியராலும் பார்க்கலாம். நாளடைவில் கண்ணே சொல்லிவிடும்.

அடிக்கும் முறை இப்படி: ஒருவர் காற்றில் இயங்கும் ரிவெட் கன்னைத் தலைமேல் வைத்து அழுத்துவார். இன்னொருவர் மறுபக்கத்தில் பக்கிங் பார் என்ற கனமான இரும்புக் கட்டியைத் தண்டின்மேல் பிடிப்பார். கன் தட்டத் தட்ட, கட்டியில் மோதித் தண்டு நசுங்கித் தலையாகும். சில நொடி வேலை. கட்டி சாய்ந்தால் தலை சாயும், கன் நழுவினால் தகட்டில் பிறை வடிவத்தில் பள்ளம் விழும். பல வீடுகளில் பக்கிங் பார் பிடிப்பது மனைவியோ பிள்ளையோதான். கையெட்டும் ஓரங்களில் ஸ்குவீசர் என்ற நசுக்கி போதும், அதற்கு ஒரே ஆள். ஒரு பக்கம் மட்டுமே கை போகும் இடங்களுக்கு நாம் பாப் ரிவெட் என்று சொல்லும் இழுப்பு ரிவெட்டும் விமானத் தரத்தில் உண்டு. ஜெனித் போன்ற சில கிட்டுகள் முழுக்க முழுக்க அதிலேயே கட்டும்படி வருகின்றன. தொடங்குபவருக்கு நான் அவற்றைத்தான் சொல்வேன். வேகம் கொஞ்சம் குறைந்த விமானம் கிடைக்கும், ஆனால் கட்டி முடிப்பீர்கள்.

துளையில் கவனம்

முன்பெல்லாம் கட்டுபவர்கள் பெரிய மரச்சட்டம் அடித்து, அதில் ரிப்களை நிறுத்தி, தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்துத்தான் துளையிட்டார்கள். இப்போது கணினி எந்திரத்தில் துளை போட்டே வருகிறது. தகட்டின் துளையும் ரிப்பின் துளையும் பொருந்தினால் இறக்கை தானே நேராக வந்துவிடும். கட்டும் காலம் குறைந்ததற்கும் சாதாரண ஆட்கள் இதில் இறங்கியதற்கும் இது பெரிய காரணம்.

ஆனால் ஒவ்வொரு துளைக்கும் செய்ய வேண்டியது இன்னும் இருக்கிறது. தகட்டைப் பொருத்தி கிளிகோ என்ற ஸ்பிரிங் ஊசிகளால் தற்காலிகமாகப் பிடிக்க வேண்டும். இவை அளவுக்கு ஒரு நிறத்தில் வரும், சில நூறு வேண்டும். பிறகு சரியான அளவுக்கு டிரில் ஓட்ட வேண்டும். 3.2 மி.மீ. ரிவெட்டுக்கு 30-ம் எண் பிட், சிறிய 2.4 மி.மீ. ரிவெட்டுக்கு 40-ம் எண் பிட். அப்புறம் எல்லாவற்றையும் கழற்றி, துளை ஓரத்தில் நிற்கும் பிசிறை எடுக்க வேண்டும். பிறகு தலை சமமாகப் படிவதற்காக டிம்பிள் டை வைத்துத் துளையைக் குழிக்க வேண்டும், பிரைமர் அடிக்க வேண்டும், மறுபடி கிளிகோ போட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிவெட்.

பிசிறு எடுப்பதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். விரிசல் அங்கேதான் பிறக்கிறது. இறக்கை பறக்கும்போது மேலும் கீழும் வளைந்துகொண்டே இருக்கும். வளைவு ஒவ்வொன்றிலும் துளையின் ஓரத்தில் இழுவிசை குவிகிறது. அங்கே ஒரு சிறு கீறல் இருந்தால் அது நீளும். 1954-ல் விழுந்த பிரிட்டிஷ் காமெட் ஜெட் விமானங்களை ஆராய்ந்தபோது, உலோகக் களைப்பால் வந்த விரிசலே காரணம் என்று தெரிந்தது. கிட் உலகத்திலும் அண்மையில் ஒரு பாடம் நடந்தது. வான்ஸ் நிறுவனம் துளைகளைக் குத்துவதற்குப் பதில் சில பாகங்களை லேசரில் வெட்ட வைத்தது. அப்படி வெட்டிய துளைகளை டிம்பிள் செய்தபோது ஓரங்களில் விரிசல் கண்டது. பாகங்களை மாற்றித்தரும் செலவும் மற்ற நெருக்கடிகளும் சேர்ந்து 2023 டிசம்பரில் அந்த நிறுவனம் திவால் சட்டத்தின் கீழ் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்டது. 2024-ல் மீண்டு வந்துவிட்டது. முன்பணம் கட்டுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

ஃபிட்டர் மறக்க வேண்டியவை

நம் பட்டறைப் பழக்கத்தில் பாதி இங்கே உதவும், பாதி கெடுக்கும். தகட்டில் கோடு போட ஸ்கிரைபரை எடுக்கக் கூடாது. அந்தக் கீறலே நாளைக்கு விரிசல். சாதாரணப் பென்சிலும் வேண்டாம், அதன் கிராஃபைட் அலுமினியத்தை அரிக்கும். மார்க்கர் பேனாதான். துளை சற்றுத் தள்ளிப்போனால் அரம் போட்டு இழுத்து ஓவலாக்கிச் சமாளிக்கும் கை வித்தைக்கு இங்கே இடமில்லை. துளையின் மையம் தகட்டு ஓரத்திலிருந்து ரிவெட் குறுக்களவின் இரண்டு மடங்காவது தள்ளியிருக்க வேண்டும். கெட்டால் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பது, இல்லாவிட்டால் பாகத்தை மாற்றுவது.

போல்ட்டை ஹார்டுவேர் கடையில் வாங்கவே கூடாது. ஏஎன் போல்ட்டும் கடை போல்ட்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கலாம், உள்ளே இருக்கும் உருக்கு வேறு. லேத்தில் இதைவிட அழகாகக் கடைந்து தருகிறேன் என்று ஓசூரில் யாராவது சொன்னால் அவர் திறமையில் சந்தேகமில்லை, ஆனால் அந்தக் கம்பிக்குச் சான்று இல்லை. இறுக்குவதும் கை உணர்வால் இல்லை. டார்க் ரெஞ்சில் அளவு வைத்து இறுக்கி, நட்டின்மேல் கோடு போட்டு வைப்பார்கள். கோடு விலகியிருந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று தெரியும். தானாகக் கழலாமல் இருக்க, சுழலும் இணைப்புகளில் காசில் நட்டும் பிளவு ஊசியும், இன்ஜின் பக்கம் லாக் ஒயரும் வரும். லாரி மெக்கானிக்குகளுக்கு இவை புதிதல்ல.

கருவிப் பட்டியலில் பெரியது கம்ப்ரசர். பஞ்சர் கடையில் இருப்பது போன்றதே போதும், 90 பிஎஸ்ஐ நிலையாகத் தர வேண்டும், குழாயில் தண்ணீர் பிரிப்பான் கட்டாயம். மற்றபடி காற்று டிரில், ரிவெட் கன், இரண்டு மூன்று வடிவத்தில் பக்கிங் பார், ஸ்குவீசர், டிம்பிள் டையும் அதை அடிக்கும் சி வடிவச் சட்டமும், கிளிகோ பிளையர், தகட்டுக் கத்திரி, பிசிறு எடுப்பான், வெர்னியர், டார்க் ரெஞ்ச். பெரும்பாலானவை பெங்களூருவில் கிடைக்கும். டை, கிளிகோ, ரிவெட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் விமானக் கருவி விற்பவர்களிடமே வாங்குவது நல்லது. காது மூடி வாங்காமல் ரிவெட் கன்னைத் தொட வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு மேல் அடித்தால் தெருவே வந்து நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடம்? வான்ஸின் இரண்டு இருக்கை ஆர்வி-7 கட்டினால் உடல் சுமார் 20 அடி, இறக்கை முனைக்கு முனை 25 அடி. இறக்கைகளைத் தனித்தனியாகத்தான் கட்டுவதால் 20-க்கு 20 அடி ஷெட் போதும். மாம்பழக் கூழ் ஆலைக் குடோன் மாதிரியெல்லாம் வேண்டியதில்லை. கதவு அகலத்தை மட்டும் முன்பே அளந்துவிடுங்கள்.

இன்ஜின், பெட்ரோல், ஓசூரின் உயரம்

சிறிய கிட்டுகளில் அதிகம் காண்பது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912. நான்கு சிலிண்டர், 80 அல்லது 100 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 5,800 சுற்று வரை ஓடும். அந்த வேகத்தில் புரொப்பெல்லர் சுற்றினால் முனைகள் ஒலி வேகத்தை நெருங்கிச் சத்தம்தான் மிஞ்சும். அதனால் நடுவில் கியர் பெட்டி உண்டு. 100 குதிரைத்திறன் வகையில் 2.43-க்கு 1 என்று குறைக்கிறது. பெரிய கிட்டுகளில் அமெரிக்க லைகாமிங் வரும். அது சுமார் 2,700 சுற்றில் கியர் இல்லாமல் நேரே சுற்றும். இரண்டிலுமே ஸ்பார்க் ஏற்பாடு இரட்டை. ஒன்று போனாலும் மற்றொன்றில் ஓடி இறங்க வேண்டும்.

நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. ரோட்டாக்ஸ் 912 கார் பெட்ரோலில் ஓடும் என்பது அதன் பெரிய வசதி. ஆனால் எத்தனால் 10 சதவீதம் வரைதான் ஒத்துக்கொள்ளும். இப்போது நம் பங்குகளில் நிரப்புவது 20 சதவீத எத்தனால் கலந்த இ20. ஆகவே கிருஷ்ணகிரி பைபாஸ் பங்கில் கேன் பிடித்து வந்து ஊற்றும் எண்ணம் நடக்காது. ஏவ்கேஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோலுக்குப் போக வேண்டும். இந்தியன் ஆயில் 2022 முதல் அதைக் குஜராத்தில் தயாரிக்கிறது. அதில் ஈயம் இருப்பதால் ரோட்டாக்ஸுக்கு ஆயிலை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

இன்னொன்று உயரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர், அதாவது 3,000 அடி. டர்போ இல்லாத இன்ஜின் 1,000 அடிக்கு ஏறத்தாழ 3 சதவீதம் சக்தி இழக்கும். 100 குதிரைத்திறன் இன்ஜின் ஓசூரில் தரையிலேயே 90 சொச்சம்தான். சித்திரை வெயில் சேர்ந்தால் காற்று இன்னும் மெலியும், ஓடுதளம் நீளமாக வேண்டும். பெங்களூருவின் தேசிய வானூர்தி ஆய்வகம் வடிவமைத்து 1993 நவம்பரில் முதலில் பறந்த ஹன்ஸா விமானத்தின் ஹன்ஸா-3 வடிவத்தில் டர்போ வைத்த ரோட்டாக்ஸ் 914 இருக்கிறது. தர்மபுரி பாதி உயரம்தான் என்பதால் கணக்கு கொஞ்சம் இலகு.

எடை பார்த்தல்

கட்டி முடித்ததும் மூன்று சக்கரத்தின் கீழும் தராசு வைப்பார்கள். மொத்த எடை எவ்வளவு என்பது பாதிக் கேள்வி. எங்கே குவிந்திருக்கிறது என்பது மீதி. உதாரணத்துக்கு மூக்குச் சக்கரத்தில் 70 கிலோ, பின் சக்கரங்களில் தலா 130 கிலோ, மொத்தம் 330. பின் சக்கரங்கள் மூக்குச் சக்கரத்திலிருந்து 1.4 மீட்டர் பின்னால் இருந்தால், 260-ஐ 1.4-ஆல் பெருக்கி 330-ஆல் வகுக்க வேண்டும். மூக்குச் சக்கரத்திலிருந்து சுமார் 1.1 மீட்டர் வருகிறது. எடையின் மையம் அங்கே. இது வடிவமைப்பாளர் கொடுத்த எல்லைக்குள் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் மூக்கு தானாகத் தூக்கிக்கொள்ளும், வேகம் குறையும், மீட்பது கடினம். அழகுக்காகப் பின்னால் கனமாகப் பெயிண்ட் அடிப்பவர்கள் இந்தக் கணக்கில்தான் மாட்டுவார்கள்.

முதல் பறப்பில் பயணி யாரும் ஏறக் கூடாது. அமெரிக்காவில் இப்படிக் கட்டிய விமானம் பொதுவாக முதல் 40 மணி நேரம், சான்றிதழ் பெற்ற இன்ஜினும் புரொப்பெல்லரும் சேர்ந்திருந்தால் 25 மணி நேரம், குறித்த பகுதிக்குள் சோதனையாகப் பறக்க வேண்டும்.

காகிதமும் காசும்

இங்கேதான் உண்மையான தடை. 1934-ம் ஆண்டு விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் சட்டம் வந்திருக்கிறது. எந்த விமானமும் டிஜிசிஏ என்ற மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம் பதிவாகி விடி என்று தொடங்கும் எண் பெற வேண்டும். பறக்கத் தனி அனுமதி, ஓட்டுபவருக்கு உரிமம், காப்பீடு எல்லாம் வேண்டும். மும்பையைச் சேர்ந்த விமானி அமோல் யாதவ் தன் வீட்டு மொட்டை மாடியில் ஆறு இருக்கை விமானத்தைக் கட்டி 2016-ல் மேக் இன் இந்தியா கண்காட்சியில் வைத்தார். பதிவு 2017-ல்தான் கிடைத்தது, பறக்கும் அனுமதி 2019-ல். அது கிட் அல்ல, சொந்த வடிவமைப்பு, எனவே கேள்விகளும் கூடுதல்.

அதற்கு அடுத்த சில ஆண்டுகளில் ஆலப்புழாவைச் சேர்ந்த ஒரு பொறியாளர் இங்கிலாந்தில் ஊரடங்கு நாட்களில் தென்னாப்பிரிக்காவின் ஸ்லிங் டிஎஸ்ஐ என்ற நான்கு இருக்கைக் கிட்டைக் கட்டி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். செலவு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் என்று 2022-ல் செய்திகள் வந்தன. அங்கே கட்டுபவரைக் கூடவே நின்று மேற்பார்வை பார்க்கச் சங்கமும் பரிசோதகர்களும் இருக்கிறார்கள். இங்கே பரிசோதகரைத் தேடுவதே ஒரு வேலை. ஆகையால் கிட்டுக்குப் பணம் கட்டும் முன்பே டிஜிசிஏவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கட்டத் தொடங்கியதும் ஒவ்வொரு நாளும் என்ன செய்தோம் என்று நோட்டில் எழுதி, மூடும் முன் உள்பக்கத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். பரிசோதகர் ஒருநாள் கேட்பது அதைத்தான்.

ஓடுதளமும் யோசிக்க வேண்டிய விஷயம். பேளகொண்டப்பள்ளியில் இருப்பது தனியாருடையது. சேலம் விமான நிலையம் ஓமலூர்ப் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. பென்னாகரம் பக்கம் மானாவாரி நிலத்தைச் சமன் செய்து இறங்கிக்கொள்ளலாம் என்று யாராவது திட்டம் போட்டால், நிலம் உங்களுடையதாக இருந்தாலும் மேலே இருக்கும் வானம் உங்களுடையது அல்ல, அதற்கும் அனுமதி வேண்டும். ஓசூருக்கு வடக்கே பெங்களூருவின் விமானப் போக்குவரத்து வேறு.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. கிட் நிறுவனங்கள் பயிற்சிக்கென்றே சின்னத் தொகுப்புகள் விற்கின்றன. ஒரு துண்டு இறக்கை வடிவமோ கருவிப் பெட்டியோ செய்யும் அளவுக்குத் தகடும் ரிவெட்டும் இருக்கும். ஒன்றை வரவழைத்து நண்பர்கள் இரண்டு பேராக அடித்துப் பாருங்கள். முடிந்ததும் பாதியாக அறுத்து, ரிவெட் தண்டு துளையை நிறைத்திருக்கிறதா, தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். கெட்ட ரிவெட்டைத் தலையில் துளையிட்டு, தகட்டைக் கெடுக்காமல் எடுக்கவும் அதிலேயே பழகிக்கொள்ளலாம். வால் கிட்டுக்கு ஆர்டர் போடுவதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம்.